சந்தமும் சந்தனமும் ஒரு தாய்ப் பிள்ளைகளா?

கேள்வி: பத்து வருடமாகப் பாட்டு எழுதி வருகிறேன். முதல் தொகுப்பு இப்போதுதான் அச்சுக்குப் போகிறது. "சந்தனம் அரைக்க அரைக்க மணப்பதுபோலச் சொல்லச் சொல்ல இனிப்பதால் சந்தம் என்று பெயர் வந்தது; சந்தம் என்றால் தாளம்" என்று முன்னுரையில் எழுதியிருந்தேன். மெய்ப்புத் திருத்திய நண்பர் அந்த வரியை அடித்துவிட்டு, "சந்தி என்பதிலிருந்து வந்தது, சொற்கள் சந்திப்பதால் சந்தம்" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார். கூடவே, "எப்படியும் இது வடசொல். புத்தகம் முழுக்க வண்ணம் என்று மாற்றிவிடுங்கள்" என்றும் ஒரு குறிப்பு. யார் சொல்வது சரி? மாற்றட்டுமா? ஒரு பாட்டின் மூன்று அடிகளையும் மாதிரிக்கு அனுப்பியிருக்கிறேன். அதன் சந்தம்: தந்த தந்த தான.

பதில்: உங்கள் நண்பர் அந்த வரியை அடித்தது சரி. அதற்குப் பதிலாக எழுதியது தப்பு. வண்ணம் என்று மாற்றச் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. அவசரத்தில் இருந்தால் இவ்வளவு போதும், முன்னுரையைத் திருத்திவிடலாம். நேரம் இருந்தால் மேலே படியுங்கள். இந்தச் சொல்லின் கதை நீங்கள் எழுதிய கதையைவிடச் சுவையானது.

குழப்பத்துக்கு முழுப் பொறுப்பு நம்முடைய ‘ச’ என்ற ஒரே எழுத்துதான். வடமொழியில் சகர வரிசைக்கு நான்கு எழுத்து உண்டு. போதாததற்கு ஸகரம் தனியாக இருக்கிறது. சந்தனம் என்ற சொல் அங்கே சகர வரிசையின் முதல் எழுத்தில் தொடங்கும். சந்தம் என்று நாம் சொல்வதன் மூலமான சந்தஸ், மூச்சை அழுத்திச் சொல்கிற இரண்டாவது எழுத்தில் தொடங்கும். சந்தி என்பதோ ஸகரத்தில், ஸந்தி என்று. மூன்று சொல், மூன்று வெவ்வேறு முதலெழுத்து. தமிழுக்குள் வந்ததும் மூன்றும் ஒரே ‘ச’வைப் போட்டுக்கொண்டன. நாம் எழுத்தைப் பார்த்து உறவு கொண்டாடுகிறோம். ஒரே சீருடையில் நிற்கிற பிள்ளைகளைப் பார்த்து அண்ணன் தம்பி என்று நினைப்பதுபோல.

இதில் நான் உங்களைக் குறை சொல்ல முடியாது. யாப்பு வகுப்பு எடுக்க ஆரம்பித்த புதிதில், மாணவர்களுக்காக ஒரு சின்னக் கையேடு தயாரித்தேன். திருக்காளத்திக்குச் சம்பந்தர் பாடிய பதிகம் "சந்தமார் அகிலொடு சாதி தேக்கம்மரம்" என்று தொடங்கும். அதற்கு "சந்தம் நிறைந்த" என்று பொருள் எழுதி வைத்தேன். வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "ஐயா, அகில் மரத்துக்கு எங்கே சந்தம்?" என்று கேட்டான். அவன் கேட்டதுதான் நியாயம். பொன்முகலி ஆறு மலையிலிருந்து தள்ளிக்கொண்டு வருகிற மரங்களின் பட்டியல் அது: சந்தனம், அகில், தேக்கு. பழம்பாட்டில் சந்தனத்தைச் சந்தம் என்று சுருக்கிச் சொல்வது வழக்கம். எனக்குத் தொழில் யாப்பு என்பதால் எங்கே சந்தத்தைக் கண்டாலும் பாட்டுச் சந்தமாகவே தெரிந்திருக்கிறது. நீங்கள் சந்தத்தில் சந்தனத்தைப் பார்த்தீர்கள், நான் சந்தன மரத்தில் பாட்டைப் பார்த்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆக, தமிழில் எழுத்தளவில் ஒன்றாக இருக்கிற சந்தங்கள் இரண்டு. ஒன்று மரம், ஒன்று பாட்டு. இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டும் எதிரெதிர்த் திசையில் பயணம் செய்த சொற்களாக இருக்கலாம். சந்தனம் என்ற வடமொழிச் சொல்லே, அரைத்த குழம்பைக் குறிக்கிற ‘சாந்து’ என்ற திராவிடச் சொல்லிலிருந்து வடக்கே போனது என்பது சொல்லாய்வாளர் சிலரின் கருத்து. இங்கிருந்து போன சொல் சந்தனமாகித் திரும்பி வந்தது. அங்கிருந்து கிளம்பிய சந்தஸ் இங்கே வந்து சந்தமானது. வழியில் எங்கேயோ ஒன்றின் முகச்சாயல் இன்னொன்றுக்கு ஒட்டிக்கொண்டது.

சரி, சந்தஸ் எப்படிச் சந்தம் ஆனது? அதில் மர்மம் எதுவும் இல்லை. தபஸ் தவம் ஆயிற்று, மனஸ் மனம் ஆயிற்று. அதே வாய்ப்பாடுதான். கடைசி ஸகரம் உதிர்ந்து, தமிழுக்குப் பழகிய ‘அம்’ வந்து உட்காரும்.

அந்தச் சந்தஸுக்கு என்ன பொருள் என்பதில் பழைய காலத்திலேயே விவாதம் இருந்திருக்கிறது. சாந்தோக்ய உபநிடதத்தில் ஒரு குட்டிக் கதை வருகிறது. தேவர்கள் மரணத்துக்குப் பயந்து மூன்று வேதங்களுக்குள் புகுந்தார்கள். பாட்டு அளவுகளால் தங்களை மூடிக்கொண்டார்கள். மூடியதால் அவற்றுக்குச் சந்தஸ் என்று பெயர். ஆனாலும் தண்ணீருக்குள் இருக்கும் மீனைப் பார்ப்பதுபோல மரணம் அவர்களைப் பார்த்துவிட்டது என்று கதை தொடர்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. வேதச் சொற்களை விளக்கும் பழைய நூலான யாஸ்கரின் நிருக்தமும் இதையேதான் சொல்கிறது: மூடுவதால் சந்தஸ். ஆனால் மொழி ஆராய்ச்சியாளர்களில் பலர் இன்னொரு பக்கம் சாய்கிறார்கள். பிடித்திருப்பது, இன்பம் தருவது என்ற பொருளுள்ள ஒரு வினைச்சொல் வேத மொழியில் உண்டு. தன் இஷ்டப்படி நடப்பதை வடமொழியில் ஸ்வச்சந்தம் என்பார்களே, அந்தச் சந்தம். பாலி மொழியில் சந்தம் என்றாலே விருப்பம்தான். மூடுவது என்ற விளக்கம் கதைக்கு அழகு, விருப்பம் என்ற விளக்கம் சொல்லுக்குப் பொருத்தம் என்பது என் எண்ணம். நீங்கள் எழுதியதில் "இனிப்பதால்" என்ற பாதி தப்பித்துக்கொள்கிறது, கவனித்தீர்களா? சந்தனத்தை மட்டும் எடுத்துவிட்டால் போதும்.

வடக்கில் அந்தச் சொல் பாட்டின் அளவோடு நிற்கவில்லை, வேதத்துக்கே பெயராகிவிட்டது. பாணினி தன் இலக்கணத்தில் வேத மொழிக்கு மட்டும் உரிய விதிகளைச் சொல்லும்போது ‘சந்தஸில்’ என்றுதான் குறிப்பிடுவார். தமிழிலும் அந்தப் பொருள் எட்டிப் பார்த்திருக்கிறது. திருமங்கையாழ்வார் பெருமாளைச் "சந்தோகா" என்று கூப்பிடுகிறார். சந்தத்தைப் பாடுகிறவன், அதாவது சாமவேதி என்பது அதன் பொருள்.

அப்புறம் அது யாப்புக்குள் வந்தது. நம் இலக்கண உரைகளில் சந்தம் முதலில் ஒரு கணக்குச் சொல்லாகத்தான் நுழைகிறது. அடிக்கு 4 எழுத்து முதல் 26 எழுத்து வரை வந்தால் சந்தம், 27 எழுத்தும் அதற்கு மேலும் போனால் தாண்டகம் என்று யாப்பருங்கல விருத்தி பிரிக்கிறது. வடமொழிக் கணக்கை அடியொற்றிய பாகுபாடு இது. அப்பருக்குத் தாண்டக வேந்தர் என்று பெயர் வந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இன்று நாம் சந்தம் என்று சொல்லும்போது யாராவது எழுத்தை எண்ணுகிறோமா? இல்லை. தத்தன தனதன என்றுதான் வாய் முணுமுணுக்கிறது. எண்ணிக்கையாக வந்த சொல் தமிழ்க் காதுக்குள் போய் வேறொன்றாக மாறிவிட்டது. உங்கள் முன்னுரையில் எழுத வேண்டியது இந்த மாற்றத்தைத்தான்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். பத்து, பந்து, பண்ணு, பல்லு. வாய்விட்டுச் சொல்லுங்கள். வெண்பா எழுதுகிறவரிடம் கேட்டால் அடியின் நடுவில் நான்கும் தேமா என்பார். நேர் நேர், கதை முடிந்தது. வடமொழிச் சந்தக்காரரிடம் கேட்டால் நான்கும் குரு லகு, அதாவது ஒரு நீண்ட அசை, ஒரு குறுகிய அசை என்பார். அவருக்கும் வேறுபாடு கிடையாது. மாது என்ற சொல்லைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் இரண்டு பேரும் அதே பதிலைத்தான் சொல்வார்கள். ஆனால் தமிழ்ச் சந்தக் கவி ஐந்தையும் ஐந்து கூடையில் போடுவார். பத்து தத்த. பந்து தந்த. பண்ணு தன்ன. பல்லு தய்ய. மாது தான. வல்லினம் வல்லினத்தோடு மோதுவது ஒரு ஓசை, மெல்லினம் வல்லினத்தில் சாய்ந்துகொள்வது ஒரு ஓசை, மெல்லினம் இரட்டிப்பது ஒன்று, இடையினம் இரட்டிப்பது ஒன்று. அளவு ஒன்றுதான், நிறம் வேறு.

19ஆம் நூற்றாண்டில் இந்தக் கணக்கை முறையாக நூலாக எழுதி வைத்தவர் வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் (1839–1898). அவருடைய வண்ணத்தியல்பு தருகிற அடிப்படைச் சந்தங்கள் எட்டு: தத்த, தாத்த, தந்த, தாந்த, தன, தான, தன்ன, தய்ய. ஈற்றை நீட்டித் தத்தா, தாத்தா என்று சொன்னால் 16. பாட்டு என்பது தாத்த, பாம்பு என்பது தாந்த, மது என்பது தன. அரை மணி நேரம் இதை விளையாட்டாகச் செய்து பார்த்தால், கண்ணில் படும் பெயர்ப்பலகையை எல்லாம் தன்னானே போட்டுப் படிக்கிற வியாதி வந்துவிடும். எனக்கு இன்னும் போகவில்லை.

இதன் உச்சம் அருணகிரிநாதர் என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். "முத்தைத்தரு பத்தித் திருநகை" என்பது தத்தத்தன தத்தத் தனதன. "நாத விந்துக லாதீ நமோநம" என்பது தான தந்தன தானா தனாதன. முதலாவது முரசு, இரண்டாவது ஊஞ்சல். இரண்டையும் குரு லகுவில் எழுதிப் பார்த்தால் பாதி அழகு எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும். முத்தை, பத்தி என்று வல்லினம் இரட்டித்து விழுகிற அடி, தாளில் வெறும் குருவாக நிற்கும்.

இங்கேதான் உங்கள் நண்பரின் வடசொல் வாதத்துக்கு வருகிறேன். சொல் வடக்கிலிருந்து வந்தது உண்மை. ஆனால் அது குறிக்கிற பொருளைக் கேட்கிற காது இங்கே அதற்கு முன்பே இருந்தது. தொல்காப்பியச் செய்யுளியல் சொல்லும் 34 உறுப்புகளில் வண்ணம் ஒன்று. சந்தம் என்ற பெயர் அந்தப் பட்டியலில் கிடையாது. வண்ணங்கள் இருபது என்று சொல்லிவிட்டு ஒவ்வொன்றாக விளக்குகிறது. வல்லிசை வண்ணத்தில் வல்லெழுத்து மிகும், மெல்லிசை வண்ணத்தில் மெல்லெழுத்து மிகும், இயைபு வண்ணத்தில் இடையெழுத்து மிகும், நெடுஞ்சீர் வண்ணத்தில் நெட்டெழுத்துப் பயிலும், குறுஞ்சீர் வண்ணத்தில் குற்றெழுத்துப் பயிலும். வல்லினம், மெல்லினம், இடையினம், நெடில், குறில். தத்த, தந்த, தன்ன, தய்ய, தான, தன என்று பிற்காலத்தில் பிரித்ததற்கு வேண்டிய சரக்கு அத்தனையும் இந்த ஐந்து வண்ணங்களுக்குள் இருக்கிறது. வீடு கட்டியாகிவிட்டது, பெயர்ப்பலகை பிறகு வந்தது.

அப்படியானால் வண்ணம் என்றே எழுதிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். இரண்டு காரணத்தால் வேண்டாம்.

முதல் காரணம், இரண்டும் ஒன்றல்ல. சந்தம் செங்கல், வண்ணம் கட்டடம். சந்தங்கள் சேர்ந்து துள்ளல், துள்ளல்கள் சேர்ந்து குழிப்பு, குழிப்போடு தொங்கல் என்ற கடைத்துண்டு சேர்ந்தால் கலை, கலைகள் சேர்ந்து வண்ணப் பாட்டு. "என் பாட்டின் சந்தம் தந்த தந்த தான" என்று நீங்கள் எழுதிய இடத்தில் எல்லாம் வண்ணம் என்று மாற்றினால், விஷயம் தெரிந்தவர் உங்களுக்குக் கணக்கே தெரியாது என்று நினைப்பார். தொல்காப்பியர் சொன்ன பழைய பொருளில்தான் எழுதினேன் என்றால், வாசகர் எதை எடுத்துக்கொள்வார் என்று நீங்கள் ஒவ்வொரு தடவையும் விளக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, வண்ணத்தையே வர்ணத்திலிருந்து வந்ததாகச் சொல்பவர்கள் உண்டு. உங்கள் நண்பர் சந்தத்தை வெளியே அனுப்பிவிட்டு வண்ணத்தை உள்ளே கூப்பிட்டால், அடுத்த மெய்ப்பில் இன்னொருவர் அதையும் அடிப்பார். தனித்தமிழ் வேண்டும் என்றால் ‘ஓசை’ இருக்கிறது. செப்பல், அகவல், துள்ளல், தூங்கல் என்று நாலு பாவுக்கும் நாலு ஓசை சொன்ன மரபு நம்முடையது. அதில் எந்தச் சிக்கலும் இல்லை. ஆனால் ஓசை என்ற சொல் பரந்தது. தத்தவுக்கும் தந்தவுக்கும் நடுவில் இருக்கிற நூலிழையைப் பிடிக்க அது போதாது.

வடசொல்லைப் பயன்படுத்துவது பற்றித் தொல்காப்பியம் சொல்வதும் நண்பருக்கு உதவாது. வடவெழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தோடு பொருந்தி வந்தால் அது செய்யுளுக்கு உரிய சொல்தான் என்று எச்சவியலில் இடம் கொடுத்திருக்கிறது. சந்தஸ் தன் மூச்சொலியையும் ஸகரத்தையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் சந்தமாக உள்ளே வந்தது. இதற்கு மேல் என்ன செய்ய முடியும் அதனால்?

சந்தத்துக்கு அழகு, நிறம் என்ற பொருள்களும் தமிழில் உண்டு. வண்ணத்துக்கும் அப்படியே. ஓசைக்குப் பெயராக நின்ற இரண்டு சொல்லுமே நிறத்தையும் அழகையும் குறிப்பது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை. இதை முன்னுரையில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளலாம். சந்தனத்தைவிட நன்றாகவே மணக்கும்.

தாளம் விஷயத்தையும் திருத்திவிடுங்கள். பந்து என்பதற்குப் பதில் பண்ணு என்று போட்டால் தாளம் கெடாது, கைத்தட்டு அதே இடத்தில்தான் விழும். சந்தம் கெட்டுவிடும். தாளம் காலத்தை அளக்கிறது, சந்தம் அந்தக் காலத்துக்குள் என்ன எழுத்து ஒலிக்கிறது என்று பார்க்கிறது. பாடாமல் வெறுமனே படித்தாலும் சந்தம் கேட்கும்.

முன்னுரைக்கு இப்படி ஒரு வரி தருகிறேன், பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள்: "சந்தஸ் என்ற வடசொல் தமிழில் சந்தம் ஆயிற்று. அங்கே அது அசையின் அளவு, இங்கே அதோடு வல்லினம் மெல்லினம் இடையினத்தின் ஒலியும் சேர்ந்துகொண்டது." விருப்பம், மூடுவது போன்ற வேர்க் கதைகளை எழுதினால், "என்றும் சொல்வார்கள்" என்று ஒரு வால் சேர்த்துவிடுங்கள்.

கடைசியாக நீங்கள் அனுப்பிய மூன்று அடிகள்:

வந்து நின்ற வேளை
பொங்கு கின்ற ஓடை
எண்ணி வந்த காலை

முதல் இரண்டும் அச்சில் வார்த்ததுபோல இருக்கின்றன. பொங்குகின்ற என்பதைப் பொங்கு, கின்ற என்று உடைத்தது சந்தப் பாட்டில் சகஜம், அதற்குத் தயங்க வேண்டாம். மூன்றாவது அடியில்தான் கல் தட்டுகிறது. எண்ணி என்பது தந்த அல்ல, தன்ன. சீராகப் பார்த்தால் மூன்றடியும் தேமா தேமா தேமா, ஒரு குறையும் இல்லை. அதனால்தான் உங்கள் கண்ணுக்குத் தப்பியிருக்கிறது. உங்கள் நண்பரும் இதைக் கவனிக்கவில்லை, சந்தி பிடிக்கிற மும்முரத்தில் இருந்திருப்பார். நொந்து, அஞ்சி, கெஞ்சி என்று தந்தவில் நிற்கிற சொற்கள் நிறைய இருக்கின்றன. அடுத்த அடிகளையும் எழுதிய பிறகு, ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே பென்சிலால் தத்தகாரம் போட்டுவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.